எது என் இயல்பு, எது நோய்? ஆட்டிசமும் ஓ.சி.டி.யும் சேர்ந்திருக்கும்போது

கேள்வி: எனக்கு வயது 28. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் எனக்கு ஆட்டிசம் இருப்பது தெரியவந்தது. சிறுவயதிலிருந்தே பேனாக்களை நிறவரிசையில் அடுக்குவேன். போகும் வழியை மாற்ற மாட்டேன். மகிழ்ச்சி வந்தால் கைகளை உதறுவேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக வேறொன்று சேர்ந்திருக்கிறது. வெளியே கிளம்பும் முன் அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சில நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. இரவில் அதையே அக்காவிடம் பத்து, பதினைந்து முறை கேட்கிறேன். ‘எல்லாமே ஓ.சி.டி.தான், எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்துங்கள்’ என்றார் ஓர் ஆலோசகர். வேண்டாத எண்ணமோ உணர்வோ விடாமல் வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோயாம் அது. நிறுத்திப் பார்த்தேன். இரண்டே வாரத்தில் வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டேன். நான் எதை விட வேண்டும்? அக்கா எனக்குப் பதில் சொல்லலாமா? மாத்திரை தேவையா?

பதில்: முதல் வேலையாகப் பேனாக்களைப் பழையபடி நிறவரிசையில் அடுக்கிவிடுங்கள். கைகளை உதறத் தோன்றினால் உதறுங்கள். பழகிய வழியிலேயே வேலைக்குப் போய்வாருங்கள். இவற்றை நிறுத்தச் சொன்னது தவறான ஆலோசனை. அதைப் பின்பற்ற முடியாமல் போனதற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள். வீட்டைத் தாங்கும் தூணையும் அதை அரிக்கும் கறையானையும் ஒரே நாளில் பிடுங்கி எறியச் சொன்னால் வீடு எப்படி நிற்கும்? அடுப்பைப் பற்றி அவர் சொன்னதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசம் பற்றி எழுதினார். எல்லாம் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்று அந்தக் குழந்தைகள் தவித்ததைச் சொல்ல, ஓ.சி.டி. என்ற பெயரின் முதல் எழுத்துக்குரிய ‘அப்செஸிவ்’ (விடாப்பிடியான) என்ற அதே சொல்லைத்தான் அவரும் கையாண்டார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: திரும்பத் திரும்பச் செய்வது, வரிசை தப்பினால் கலங்குவது. போதாக்குறைக்கு இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து வருவதும் அடிக்கடி நடக்கிறது. பொதுமக்களில் ஓ.சி.டி. நூற்றுக்கு ஓரிருவருக்கு இருக்கும். ஆட்டிசம் உள்ளவர்களிடம் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சிறார், பதின்வயதினரைப் பற்றிய 2011ஆம் ஆண்டுக் கணக்கு சுமார் 17 சதவீதம் என்றது. எல்லா வயதினரையும் சேர்த்த 2019ஆம் ஆண்டுக் கணக்கு சுமார் 9 சதவீதம் என்றது. ஆக, உங்களுக்கு இரண்டும் இருப்பதில் வியப்பில்லை.

சரி, பிரித்துப் பார்ப்பது எப்படி? ‘அந்தச் செயலைச் செய்ய உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?’ என்று கேட்கச் சொல்கின்றன பாடப்புத்தகங்கள். பிடித்துச் செய்தால் ஆட்டிசம், வெறுத்துக்கொண்டே செய்தால் ஓ.சி.டி. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் உணர்வு இன்னதென்று அடையாளம் கண்டு பெயர் சொல்வதே பலருக்குக் கடினம். அதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இருக்கிறது. அவர்களிடம் ‘பிடிக்கிறதா?’ என்று கேட்டால் ‘தெரியவில்லை’ என்பார்கள். அது நேர்மையான பதில். இன்னொரு தவறான சோதனையும் உண்டு: இடையில் தடுத்தால் கலங்குகிறாரா என்று பார்ப்பது. தடுத்தால் இரண்டிலுமே கலக்கம் வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். ஒன்று: அடுப்பே தேவைப்படாத ஒரு வீட்டுக்கு நீங்கள் குடிபோனால் நிம்மதியா, இழப்பா? பேனாவே இல்லாத வீடு என்றால்? முதலாவதை நினைத்ததும் பெருமூச்சு விடுகிறவர்கள், இரண்டாவதைக் கேட்டதும் முகம் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். உணர்வுக்குப் பெயர் சொல்ல முடியாதவர்களாலும் இதற்குப் பதில் சொல்ல முடிகிறது. இரண்டு: முடிந்தது என்பது உங்களுக்கு எப்படித் தெரிகிறது? கடைசிப் பேனாவை வைத்ததும் பேனா வேலை தானாக முடிந்துவிடும். அடுப்பு வேலை முடிவதே இல்லை. களைத்துப்போய்த்தான் நகர்கிறீர்கள், நகர்ந்த பிறகும் அது கூடவே வருகிறது.

இந்தக் கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரும்பத் திரும்பக் கை கழுவும் மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பிசுபிசுப்பு தோலில் பட்டாலே தாங்காது. இன்னொருவர் கிருமியால் தன் வீட்டார் செத்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறார். மூன்றாமவருக்கு எந்த அச்சமும் இல்லை. ‘சரியாக அமைந்துவிட்டது’ என்ற உணர்வு வரும்வரை கையை எடுக்க முடியவில்லை. முதலாமவருக்குக் கையுறையோ வேறு சோப்போ போதும். நான் பிறகு சொல்லப்போகும் பயிற்சி மற்ற இருவருக்குத்தான். பேனா அடுக்குவதும்கூட என்றாவது தடம் மாறலாம். ‘நீலத்துக்குப் பக்கத்தில் பச்சை வராவிட்டால் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடும்’ என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துவிட்டால், அன்றிலிருந்து அதுவும் ஓ.சி.டி.யின் கணக்கில் போய்விட்டது என்று பொருள்.

இப்போது அடுப்பு. 2003இல் நெதர்லாந்தில் வான் டென் ஹௌட், கிண்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். எந்த நோயும் இல்லாதவர்களை உட்காரவைத்து, கணினித் திரையில் தெரிந்த கேஸ் அடுப்பைப் பலமுறை மூடி மூடிச் சரிபார்க்கச் சொன்னார்கள். கடைசியாக எந்தத் திருகைச் சரிபார்த்தோம் என்பது அவர்களுக்குச் சரியாகவே நினைவிருந்தது. ஆனால் அந்த நினைவு மங்கலாகிவிட்டது. அதன்மேல் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான். நினைவு கெட்டுப்போனதால் நீங்கள் பார்க்கவில்லை. பார்க்கப் பார்க்கத்தான் நினைவின்மேல் உள்ள நம்பிக்கை தேய்கிறது. பதினோராவது முறை திருகைத் தொடும்போது, முதல் முறை தொட்டபோது இருந்த தெளிவு இருக்காது.

அதனால்தான் ஓ.சி.டி.க்கான முதன்மையான பயிற்சி, அச்சம் வரும் இடத்தில் நின்றுகொண்டு, அதைத் தணிக்கும் செயலைச் செய்யாமல் இருப்பது. உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் விவரித்த முறையிலிருந்து வளர்ந்த இதை இன்று ஈ.ஆர்.பி. (எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன்) என்கிறார்கள். ஆலோசகர் சொன்னதில் இருந்த உண்மை இதுதான். அவர் தவறியது ‘எல்லாவற்றையும்’, ‘ஒரேயடியாக’ என்ற இரண்டு சொற்களில். ஒரு நேரத்தில் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரே ஒரு செயல், அதிலும் ஒரு படி, அதையும் எழுதிவைத்துக்கொண்டு. இப்படித்தான் போக வேண்டும்.

உங்களுக்கு இப்படித் தொடங்கலாம். அடுப்பை ஒரு முறை பாருங்கள், கையால் தொடாமல். சமையலறையிலிருந்து வெளியே வந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவுப் பிடியில் கை வையுங்கள். அங்கேதான் அந்த எண்ணம் வரும். உள்ளே போகாதீர்கள், விரட்டவும் முயலாதீர்கள். ‘அணைத்திருக்கலாம், அணைக்காமலும் இருந்திருக்கலாம்’ என்று சொல்லிக்கொண்டு ஐந்து நிமிடம் அப்படியே நில்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் தாங்கவில்லை என்றால் போய் ஒரே ஒரு முறை பார்க்கலாம். முதல் வாரத்துக்கு அவ்வளவு போதும். அடுத்த வாரம் பத்து நிமிடம். பிறகு பார்க்காமலே தெருமுனைவரை. பதற்றம் முழுவதும் அடங்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. உறுதி கிடைக்காமலும் வாசலைத் தாண்ட முடிகிறது என்பதை உடல் கற்றுக்கொண்டால் போதும்.

ஒரு கண்ணியைப் பற்றி எச்சரிக்கிறேன். அடுப்பை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நல்ல எண்ணத்தோடு யாராவது சொல்வார்கள். வேண்டாம். பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் படத்தை நாற்பது முறை பெரிதாக்கிப் பார்ப்பீர்கள். ‘இது இன்று எடுத்த படம்தானா?’ என்ற புதுச் சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். ஆட்டிசத்துக்கு உதவும் சரிபார்ப்புப் பட்டியலும் அப்படியே. ஒரு முறை குறியிட்டுவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைப்பதாக இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

இந்தப் பயிற்சியை உங்களுக்கேற்பத் தைத்துக்கொள்ள வேண்டும். பதற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பார்கள். என்னிடம் வந்த ஓர் இளைஞருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அவர் சொன்ன எண் எப்போதும் ஐந்து. ஒருநாள் பயிற்சியின் நடுவில், ‘உடம்பில் என்ன நடக்கிறது?’ என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, ‘கால் விரல்கள் மடங்கியிருக்கின்றன’ என்றார். அன்றே புது அளவுகோலை அவரே எழுதினார்: விரல் மடங்கினால் ஒன்று, பல்லைக் கடித்தால் இரண்டு, காதில் இரைச்சல் கேட்டால் மூன்று. அதற்குப் பிறகுதான் சிகிச்சை நகர்ந்தது. உங்கள் உடம்பு எதைச் சொல்கிறது என்று இந்த வாரம் கவனித்துப் பாருங்கள்.

இன்னொன்று, புலன் தொல்லையை ஈ.ஆர்.பி.யால் ‘பழக்க’ முயல்வதை நான் ஏற்பதில்லை. உரத்த ஓசையோ கண்கூசும் விளக்கோ உங்களைத் துன்புறுத்தினால் அது பொய் அச்சம் அல்ல, உண்மையான வலி. பயிற்சி நாளில் ஓசையைக் குறைத்துக்கொள்ளுங்கள், போதுமான அளவு தூங்கியிருங்கள், பயிற்சி முடிந்ததும் பேனாக்களோடு அரை மணி நேரம் உட்காருங்கள். பேனா உங்களுக்கு ஓய்விடம். ஓய்விடம் இருந்தால்தான் போராட முடியும்.

அக்காவின் நிலைதான் மிகச் சிக்கலானது. ஆட்டிசம் தெரிந்தவர்கள் ‘கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்லுங்கள், நிச்சயமின்மையைக் குறையுங்கள்’ என்கிறார்கள். ஓ.சி.டி. தெரிந்தவர்கள் ‘பதில் சொல்லாதீர்கள், நோய்க்குத் தீனி போடாதீர்கள்’ என்கிறார்கள். நடுவில் அக்கா மாட்டிக்கொண்டு தவிக்கிறார். இரண்டு அறிவுரையும் சரிதான், வெவ்வேறு கேள்விகளுக்கு. ‘நாளை எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம்?’ என்பது தகவல் கேட்கும் கேள்வி. பதில் சொன்னால் அதோடு முடியும். அதற்கு அக்கா முழுமையாக, முடிந்தால் எழுதியே, பதில் சொல்லட்டும். ‘அடுப்பை அணைத்தேனா, நிச்சயமா?’ என்பதற்குப் பதில் உங்கள் இருவருக்குமே தெரியும். அது உறுதிமொழி கேட்கும் கேள்வி. பதில் சொன்னால் மீண்டும் முளைக்கும்.

அதற்காக இன்றிரவே அக்கா வாயை மூடிக்கொள்ளக் கூடாது. திடீர் மௌனத்தை நீங்கள் கோபம் என்று எடுத்துக்கொள்வீர்கள். பதற்றம் இல்லாத ஒரு பகல் நேரத்தில் இருவரும் உட்கார்ந்து பேசி, சொல்லப்போகும் சொற்களையே முன்கூட்டித் தாளில் எழுதிவையுங்கள். ‘இது உறுதிமொழிக் கேள்வி. நாம் பேசிவைத்தபடி இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பக்கத்தில்தான் இருக்கிறேன்.’ முதல் வாரம் ஓர் இரவுக்கு ஆறு பதில், அடுத்த வாரம் நான்கு, பிறகு இரண்டு என்று எண்ணிக்கையையும் நீங்களே முடிவு செய்யுங்கள். விதி உங்களுடையது, அக்கா அதற்குத் துணை மட்டுமே. எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் கையைப் பிடித்துத் தடுக்கும் வேலையை அவர் செய்ய வேண்டாம்.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. ஆட்டிசத்தின் இயல்பான திரும்பச் செய்தலுக்கு மாத்திரை வேண்டாம். 2009இல் ஆட்டிசம் உள்ள 149 சிறாரிடம் சிட்டலோபிராம் என்ற மருந்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யவில்லை. தூக்கமின்மை, படபடத்த நடவடிக்கை போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின. ஓ.சி.டி. வேறு. செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெட்டின் போன்ற மருந்துகள் அதற்குப் பயன்படுகின்றன. ஆட்டிசமும் சேர்ந்திருப்பவர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு என்பதால், மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றும்படி மனநல மருத்துவரிடம் கேளுங்கள். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். பயிற்சியைத் தொடங்கவே முடியாத அளவுக்குப் பதற்றம் இருந்தாலோ, கூடவே மனச்சோர்வு இருந்தாலோ மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் கருத்து.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. நடை, பேச்சு, சாப்பாடு எல்லாம் படிப்படியாக மெதுவாகி, ஒரு செயலின் நடுவிலேயே உறைந்து நின்றுவிட்டால் அது ஓ.சி.டி. அல்லாமல், உடல் இயக்கமே உறைந்துபோகும் கேட்டடோனியா என்ற நிலையாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பதின்வயதினரிடமும் பெரியவர்களிடமும் அது வருவதை ஆட்டிசம் ஆய்வாளர்களான லோர்னா விங், அமிதா ஷா இருவரும் 2000ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குச் சிகிச்சை முற்றிலும் வேறு. உணவோ தண்ணீரோ குறைந்தாலும், வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த ஆலோசகரிடம் போகும்போது ஒரு தாளை இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டு போங்கள். ஒரு பக்கம் பேனா, வழி, கை உதறல்: இவற்றைத் தொட வேண்டாம். மறுபக்கம் அடுப்பு, இரவுக் கேள்வி: இவற்றுக்கு உதவி வேண்டும், நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் போகிறது என்ற கணக்கோடு எழுதுங்கள். வாயால் சொல்லச் சிரமமாக இருந்தால் தாளையே நீட்டுங்கள். அவர் தாளைப் படித்துவிட்டு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பேசினால் அவரிடம் தொடருங்கள். படிக்காமலே ‘எல்லாவற்றையும் நிறுத்துங்கள்’ என்றால் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறொருவரைத் தேடுங்கள்.