ஸ்மார்ட் கேஸ் மீட்டர் ரீடிங் அனுப்பவில்லையா? மூடியைத் திறக்க யாரையும் விடாதீர்கள்

சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வீடு, பைப் கேஸ் கொடுக்கும்போதே ஸ்மார்ட் மீட்டர் மாட்டிவிட்டார்கள். இரண்டு மாதமாகக் கம்பெனி ஆப்பில் ஒரே ரீடிங் அசையாமல் நிற்கிறது. அடுப்பு என்னவோ வழக்கம்போல எரிகிறது. போன பில் 'சராசரி' என்று போட்டு இரண்டு மாதத்துக்கு 46 கன மீட்டர் என வந்திருக்கிறது. குடியிருப்புக்கு வாடிக்கையாக வரும் பிளம்பர், "உள்ளே சிப் போயிடுச்சும்மா, ஆயிரத்து ஐந்நூறு கொடுங்க, மாத்திடலாம்" என்கிறாராம். மாற்றலாமா, திடீரென்று கேஸ் நின்றுவிடுமா, இந்த பில்லைக் கட்டியே ஆக வேண்டுமா என்பது அவருடைய கவலை.

மாற்றாதீர்கள். கேஸ் நிற்காது. பில்லைத் திருத்தச் சொல்லி இன்றே எழுதுங்கள். (ப்ரீபெய்டு மீட்டர் வைத்திருப்பவர்களின் கதை வேறு, வாசகிக்குப் பயன்படுத்திய பிறகு பில் வருவதால் அதற்குள் போகவில்லை.)

அந்தப் பெட்டிக்குள் இரண்டு தனித்தனி வேலை நடக்கிறது. கேஸ் உள்ளே நுழையும்போது அதன் அழுத்தமே இரண்டு தோல் பைகள் போன்ற அறைகளை மாறி மாறி நிரப்பிக் காலி செய்கிறது. அந்த அசைவு பல்சக்கரங்கள் வழியாக எண் சக்கரத்தைச் சுற்றுகிறது. இதற்குக் கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். இன்னொரு வேலை, சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி, சிம் வழியாகவோ ரேடியோ வழியாகவோ கம்பெனிக்கு அனுப்புவது. அதைச் செய்வது லித்தியம் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பகுதி. உங்கள் வீட்டில் படுத்திருப்பது அந்த இரண்டாவது மட்டும்தான். ஸ்கூட்டரில் ப்ளூடூத் வேலை செய்யவில்லை என்றால் கிலோமீட்டர் ஓடுவது நிற்காது இல்லையா, அதேதான்.

ஆகவே கணக்கு உங்கள் சுவரிலேயே பத்திரமாக இருக்கிறது. மீட்டர் கண்ணாடியில் கருப்பு எண்கள் முழு கன மீட்டர். சிவப்பில் இருப்பவை புள்ளிக்குப் பின்னால் வருபவை. ஒரு போட்டோ எடுங்கள். எண்களோடு மீட்டரின் சீரியல் நம்பரும் அதே படத்தில் தெரிய வேண்டும். அந்த சீரியல் நம்பர் பில்லில் அச்சாகியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒரே நாளில் ஒரு பிளாக் முழுக்க மீட்டர் மாட்டும் இடங்களில் பக்கத்து வீட்டு நம்பர் உங்கள் பெயரில் ஏறிவிடுவது நடக்கக்கூடியதுதான். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தால் ஆப்பில் ரீடிங் அசையவே அசையாது. நீங்கள் பேட்டரி, சிக்னல் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு ஒரு சோதனை. பெரிய பர்னரை மட்டும் பத்து நிமிடம் முழுத் தீயில் எரிய விட்டு சிவப்பு எண்களைக் கவனியுங்கள். மூன்று சிவப்பு இலக்கம் இருந்தால் கடைசி இலக்கம் சுமார் முப்பது, நாற்பது எண் தாண்டியிருக்க வேண்டும். தாண்டினால் அளவுப் பகுதி நலமாக இருக்கிறது. அடுப்பு எரிந்தும் சக்கரம் அசையவே இல்லையென்றால் மீட்டரே நின்றுவிட்டது. அப்போது மீட்டரை மாற்றச் சொல்ல வேண்டும். அடுத்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே போய், பில்லில் இருக்கும் அவசர எண்ணுக்குப் பேசுங்கள். 1906 என்பது சிலிண்டர் கேஸுக்கான அவசர எண். பைப் கேஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் கம்பெனியின் எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டி வைப்பது நல்லது.

சிக்னல் ஏன் போகிறது? பேட்டரி தீர்ந்திருக்கலாம், சிம் நெட்வொர்க் மாறியிருக்கலாம், கம்பெனியின் சர்வரிலேயே உங்கள் மீட்டர் பதிவு விட்டுப்போயிருக்கலாம். இவற்றில் எதையும் நீங்கள் சரிசெய்ய முடியாது. உங்கள் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. மாடுலர் கிச்சன் வேலை செய்தபோது தச்சர் மீட்டரைச் சுற்றி அலமாரி கட்டினாரா, சர்வீஸ் பால்கனியில் தகரக் கதவு போட்டு மூடினீர்களா என்று பாருங்கள். தகரத்துக்குள் இருந்து சிக்னல் வெளியே வராது. அதைவிட முக்கியம், காற்று புகாத அலமாரிக்குள் கேஸ் மீட்டர் இருக்கவே கூடாது. கசிந்தால் அங்கேயே தேங்கும். அதை எடுத்துவிடுங்கள்.

இப்போது அந்தப் பிளம்பர். மீட்டர் உங்கள் சொத்து இல்லை. திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை கட்டிவிட்டு நீங்கள் பயன்படுத்தும் கம்பெனிப் பொருள் அது. அதன் பேட்டரிக்கோ சிப்புக்கோ நீங்கள் தனியாருக்குக் காசு கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. மீட்டரில் ஈயத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு சீல் இருக்கும். அதை உடைத்த அடுத்த நிமிடமே நீங்கள் புகார்தாரர் என்ற நிலையிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுகிறீர்கள். மீட்டரில் கைவைத்தது பிளம்பர் என்று நீங்கள் சொன்னால் யார் கேட்பார்கள்? வீடு உங்கள் பெயரில், இணைப்பு உங்கள் பெயரில். அவர் ஆயிரத்து ஐந்நூறை வாங்கிக்கொண்டு அடுத்த பிளாக்குக்குப் போய்விடுவார். 'சிக்னல் பூஸ்டர்' என்று ஒரு ஆன்டெனாவை ஒட்டிக் காசு பார்ப்பவர்களும் இந்த ரகம்தான். கம்பெனி சட்டை போட்டு வருபவரிடமும் அடையாள அட்டையைக் கேளுங்கள், புகார் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். உண்மையாக அனுப்பப்பட்டவருக்கு அந்த எண் தெரியும்.

இதைவிடக் கொடிய வகை போனில் வருகிறது. "உங்கள் கேஸ் மீட்டர் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று வாட்ஸ்அப் வரும். மின்வாரியத்தின் பெயரில் வந்த அதே மோசடிதான். அழைத்தால் ஒரு ஆப் ஃபைலை அனுப்பி இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள், அல்லது பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்வார்கள். கணக்கு துடைக்கப்பட்டுவிடும். ஏற்கெனவே ஆப்பில் ரீடிங் வராமல் கவலையில் இருப்பவர்கள்தான் இதை எளிதில் நம்புகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும்.

பில்லுக்கு வருவோம். பைப் கேஸுக்கு முன்னால் ஒரு சிலிண்டர் ஐம்பது நாள் வந்தது என்று வாசகி எழுதியிருக்கிறார். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பத்துக்கு ஏறத்தாழ 17, 18 கன மீட்டர் பைப் கேஸ் சமம். அப்படியானால் இரண்டு மாதத்துக்கு 21, 22 கன மீட்டர் ஆகியிருக்க வேண்டும். 46 என்பது இரண்டு மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கையும், மீட்டர் போட்டோவையும், கடைசியாகச் சரியாக வந்த பில்லின் ரீடிங்கையும் சேர்த்து ஈமெயில் அனுப்புங்கள். கெடு தேதிக்குள் திருத்திய பில் வராவிட்டால், "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், மிகுதியை அடுத்த பில்லில் கழிக்கவும்" என்று எழுதிவிட்டுக் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டு இணைப்பைத் துண்டிக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டாம்.

ரீடிங் மட்டும் வரவில்லை என்றால் கேஸ் நிற்காது, பில்லைத் திருத்தினால் போதும் என்றேன். இதற்கு ஒரே விதிவிலக்கு வெள்ளம். 2015 டிசம்பரையும் 2023இன் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு மீட்டரே மூழ்கலாம். மூன்றாவது மாடியில் இருப்பவருக்கு என்ன என்று நினைக்காதீர்கள். பல குடியிருப்புகளில் மொத்தப் பிளாக்குக்குமான ரெகுலேட்டர் கீழே சுவரில்தான் இருக்கிறது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அந்த ரெகுலேட்டரில் மூச்சு விடுவதற்கென்று ஒரு சின்னத் துளை உண்டு. அதில் தண்ணீரோ சேறோ புகுந்தால் அழுத்தம் தாறுமாறாகும். தண்ணீர் வடிந்தபின் ரீடிங் வரவில்லை, சிக்னல் கோளாறுதானே என்று அடுப்பைப் பற்றவைப்பது ஆபத்து. வால்வின் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பி மூடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறையோடு போட்டோ எடுங்கள். புகாரில் 'ரீடிங் வரவில்லை' என்று எழுதாதீர்கள். அது பில் பிரிவில் போய்ப் படுத்துக்கொள்ளும். 'மீட்டரும் ரெகுலேட்டரும் தண்ணீரில் மூழ்கின, பரிசோதிக்காமல் பயன்படுத்த முடியாது' என்று எழுதுங்கள். அவர்கள் ஆள் வந்து பார்த்துச் சொல்லும்வரை இண்டக்ஷன் அடுப்பில் சமாளியுங்கள்.

புகார் கொடுப்பதுதான் இதில் பெரிய தலைவலி. கஸ்டமர் கேரில் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார்கள். ஆள் யாரும் வராமலே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வரும். கருவி தானே பேசும் என்று சொல்லித்தான் ரீடிங் எடுக்க வந்துகொண்டிருந்த ஆளை நிறுத்தினார்கள். கருவி பேசாதபோது மறுபடி ஆளை அனுப்பும் பொறுப்பு யாருடையது? போனில் பேசியதை நம்பி இருக்காதீர்கள். எல்லாம் ஈமெயிலில், புகார் எண்ணோடு இருக்கட்டும். மூடப்பட்ட புகாரைத் திறக்கச் சொல்லி அதே எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள். அப்படியும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம். டெல்லியில் உள்ள பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்துக்கும் எழுதலாம். மீட்டர் அளவே தவறு என்ற சந்தேகம் இருந்தால், நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளம்பருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் குடியிருப்பு சங்கம் மூலமாகத் திருப்பிக் கேளுங்கள். அதே பிளாக்கில் வேறு யார் வீட்டிலாவது அவர் மீட்டரைத் திறந்திருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். திறந்திருந்தால் அந்த வீட்டுக்காரர் சோப்பு நுரை வைத்து இணைப்புகளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சீல் உடைந்திருப்பதைத் தாமே முதலில் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிடட்டும்.