ராணிக்கெட் வந்துபோன கொல்லையில் மிஞ்சிய கோழிகளை என்ன செய்வது?

கேட்டிருப்பது இதுதான்: மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம், வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு கம்பத்துக் (கிராமத்து நாட்டு) கோழிகள். ஒன்று கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து செத்துவிட்டது. கால்நடை மருத்துவர் ராணிக்கெட் (கோழிகளுக்கு வரும் வைரஸ் தொற்றுநோய்) என்று சொல்லிவிட்டார். மிஞ்சியவற்றை என்ன செய்வது, புதுக் கோழி எப்போது விடலாம்?

நான் புக்கிட் மெர்தாஜாமில் வெகுகாலமாகக் கோழி வளர்ப்பவன். எங்கள் கொல்லைக்கும் இந்த நோய் வந்து போயிருக்கிறது. செத்த கோழியால் இனி வரக்கூடிய கேடு கொஞ்சம்தான்; குழி வெட்டிப் புதைத்தால் முடிந்தது. கவனிக்க வேண்டியவை இப்போது தெம்பாக மேய்ந்துகொண்டிருப்பவை. கிருமி உள்ளே போன பிறகு நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும்; சிலவற்றில் இரண்டு வாரம் வரைகூட இழுக்கும். அறிகுறி தெரிவதற்கு முன்பே எச்சத்திலும் சளியிலும் கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். பிழைத்த கோழியும் சில வாரங்களுக்கு அதைப் பரப்பும். ஆகவே இப்போதைக்கு உங்கள் சட்டம் ஒன்றே: வாசலுக்கு உள்ளே ஒரு கோழியும் வரக்கூடாது, வாசலைத் தாண்டி ஒன்றும் போகக்கூடாது.

இந்த இரண்டாவது பாதியில்தான் நம்மவர்கள் சறுக்குவார்கள். "நோய் வருவதற்குள் விற்றுவிடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள், அதுவும் மிகுந்த அக்கறையோடு. முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்ட சேவல் இருந்தால், "எப்படியும் வெட்டப்போகிறதுதானே, இந்த வாரமே கொண்டுபோய்விடலாம்" என்பார்கள். கோயிலில் நாலு ஊர்ச் சேவல்கள் ஒரே இடத்தில் கட்டியிருக்கும். அவற்றில் வெட்டுப்படாமல் வீடு திரும்புவதும் உண்டு. முனி காத்திருப்பார், நேர்த்திக்கடனுக்குத் தவணை சொல்லிக்கொள்ளலாம். முட்டையைக்கூட இந்த நாட்களில் அடைவைக்காதீர்கள், அக்கம்பக்கத்துக்குக் கொடுக்காதீர்கள்.

புதைப்பது பற்றி ஒரு வார்த்தை. மூன்றடிக்குக் குறையாத ஆழம், கிணற்றுக்கும் சாக்கடைக்கும் தள்ளி, மேலே சுண்ணாம்பு, அதற்கு மேல் மண். நம் ஊர் உடும்புக்கும் தெருநாய்க்கும் ஒன்றரை அடிக் குழி ஒரு பொருட்டே இல்லை. குப்பைத் தொட்டியிலும் ஆற்றிலும் போடாதீர்கள்.

உடல் சோர்ந்து மூலையில் நிற்கும் கோழியை உடனே தனியாகப் பிரித்துவையுங்கள். இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. கடையில் தரும் ஆன்டிபயாட்டிக், கூடவே சேர்ந்துகொள்ளும் பாக்டீரியாவை அடக்கத்தான் உதவும். பாட்டி கைவைத்தியமாகக் கீழாநெல்லி, மஞ்சள், சீரகம் அரைத்து உருண்டை ஊட்டச் சொன்னால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஒவ்வொரு கோழியின் வாயையும் அதே கையால் திறந்து ஊட்டிக்கொண்டே போனால், நோயை நாமே வீடு வீடாக விநியோகம் செய்வதுபோல் ஆகும். ஊட்டுவதானால் தெம்பாக இருப்பவற்றுக்கு முதலில், நோயுற்றவற்றுக்குக் கடைசியில், பிறகு சோப்பு. கூட்டுக்கென்று ஒரு ஜோடி செருப்பு வையுங்கள். அது வீட்டுக்குள் வரக்கூடாது. கையைக் கண்ணருகில் கொண்டுபோகாதீர்கள். ராணிக்கெட் மனிதருக்குப் பெரிய தீங்கு செய்யாது என்றாலும் கண் சிவந்து சில நாள் உறுத்தலாம்.

மருத்துவர் ராணிக்கெட் என்று சொன்னது பரிசோதனை செய்தா, பார்த்த அளவிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து மட்டும் இதையும் பறவைக் காய்ச்சலையும் பிரித்துச் சொல்வது கடினம். கோழிக் காலராவிலும் பச்சைக் கழிச்சல் உண்டு. 2004இல் கிளந்தானிலும், 2006இல் ஸ்தாப்பாக்கிலும், பிறகு பேராக், பினாங்கிலும், 2007இல் சுங்கை பூலோவிலும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்தபோது சுற்றுவட்டாரக் கோழிகளையெல்லாம் அழித்தார்கள். அதனால் இன்னொன்று செத்தால் அதைப் புதைக்காமல், இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் புக்கிட் தெங்காவில் உள்ள கால்நடைச் சேவை இலாகாவின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்த உடலில் திசுக்கள் சிதைந்து அறுத்துப் பார்ப்பவருக்குப் பயன்படாமல் போகும். அதிகாரிகள் வந்து எல்லாவற்றையும் பிடித்துப்போய்விடுவார்கள் என்று பயந்து மறைப்பவர்களை எனக்குத் தெரியும். 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டப்படி இப்படிப்பட்ட நோயைத் தெரிவிப்பது வளர்ப்பவரின் கடமை. சட்டத்தை விடுங்கள், பக்கத்து வீட்டு மாக்சிக்கின் (மலாய் அம்மாவின்) கோழிகளுக்காகவாவது சொல்லுங்கள். அவரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுவது இன்னும் நல்லது.

கூடு கழுவுவதில் வரிசை முக்கியம். எச்சத்தின் மேலேயே குளோரோக்ஸ் (ப்ளீச்) ஊற்றினால் அந்த அழுக்கே அதன் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் வறண்ட எச்சத்தையும் படுக்கையையும் தண்ணீர் தெளித்து, தூசி பறக்காமல் வாரிப் புதையுங்கள். அடுத்து சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, அதன் பிறகு ஒரு பங்கு குளோரோக்ஸுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து அடித்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அதைக் கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும். மண் தரையானால் மேல்மண்ணைச் சுரண்டிச் சுண்ணாம்பு தூவுங்கள். கூட்டின் மேல் கவிந்திருக்கும் ரம்புத்தான் கிளையை வெட்டி வெயில் விழச் செய்யுங்கள். ஈரமும் நிழலும் உள்ள எச்சத்தில் கிருமி வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். வெயில் அதைச் சீக்கிரம் கொல்லும். செப்டம்பர், அக்டோபர் மழையில் இதெல்லாம் நடக்கிறதென்றால் காத்திருக்கும் காலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

புதுக் கோழிக்கு என் கணக்கு: கடைசிச் சாவுக்குப் பிறகு குறைந்தது ஆறு வாரம். கிருமி ஏறி அறிகுறி தெரிவதற்கான உச்ச வரம்பாக உலக விலங்கு சுகாதார அமைப்பு இந்த நோய்க்கு 21 நாளை வைத்திருக்கிறது. நான் அதை இரட்டிப்பாக்கிக்கொள்கிறேன், ஏனென்றால் எங்கள் கொல்லைக்குப் புறா வரும், எலி வரும், பூனை வரும். புறாவுக்கும் இந்தக் கிருமி உண்டு. தண்ணீர்ச் சட்டியைக் கூரைக்கு அடியில் வையுங்கள். ஆறு வாரம் கழிந்ததும் இரண்டு குஞ்சுகளை மட்டும் விட்டுப் பாருங்கள்; மூன்று வாரம் அவை நன்றாக இருந்தால் மற்றவை வரட்டும். சந்தையில் கூண்டில் அடைத்து விற்கும் கோழி வேண்டாம். எந்தெந்த ஊர்க் கோழியோடு உரசியது என்று விற்பவருக்கே தெரியாது.

தடுப்பூசி இல்லாமல் மறுபடி தொடங்குவதில் அர்த்தமில்லை. 1980களில் இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில் ஐனி இடெரிஸ் முதலானோர் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, வெப்பம் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைக் கம்பத்துக் கோழிகளுக்கென்றே தீவனத்தில் கலந்து கொடுக்கும்படி உருவாக்கினார்கள். ஐஸ் பெட்டி இல்லாத கம்பங்களை மனத்தில் வைத்துச் செய்த வேலை அது. இப்போது உங்களுக்கு எது கிடைக்கும் என்பதை இலாகாவில் கேளுங்கள். கண்ணில் ஒரு சொட்டு விடுவதானால் குஞ்சுக்கும் சேவலுக்கும் அதே ஒரு சொட்டுதான். பொதுவாக நாலு மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்க வேண்டும். குடிநீரில் கலப்பதானால் குழாய்த் தண்ணீரின் குளோரின் மருந்தைக் கொன்றுவிடும்; லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மாவு கலந்து சற்று நேரம் வைத்த பிறகு மருந்தைச் சேருங்கள்.

நோய் ஓடிக்கொண்டிருக்கும்போது மிஞ்சியவற்றுக்குத் தடுப்பூசி போட்டால், ஏற்கெனவே கிருமி ஏறியவற்றில் பல எப்படியும் சாகும். பழி ஊசியின் மேல் விழும். மருத்துவரைக் கேட்டு, சாவு ஓய்ந்த பிறகு போடுங்கள். ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு வரும், கரைத்தால் அன்றே தீர்க்க வேண்டும். ஆகவே மாக்சிக்கையும் பின்வரிசைச் சீனத் தாத்தாவையும் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் எல்லார் கோழிக்கும் போட்டுவிடுங்கள். செலவைப் பங்கிட்டால் ஆளுக்குச் சில வெள்ளிதான் (ரிங்கிட்) ஆகும்.