மாமாவின் குரற்பதிவுக்கு எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி: "டெங்குவுக்குப் பப்பாசி இலைச்சாறு போதும், காய்ச்சல் விட்டால் நோய் தீர்ந்தது" என்று என் தாய்மாமா குடும்ப வட்ஸ்அப் குழுவில் குரற்பதிவு போட்டார். "படிக்காதவர்களின் கதை" என்று எல்லோர் முன்னிலையிலும் எழுதிவிட்டேன். இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை. உறவினர் பலரும் அவர் பக்கமே நிற்கிறார்கள். வேறு எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மாமா சொன்ன இரண்டையும் முதலில் பிரித்துப் பாருங்கள். இலைச்சாற்றைப் பற்றி இன்றே வாதிட்டு வெல்ல வேண்டியதில்லை. உயிருக்கு உலை வைப்பது இரண்டாவது பேச்சுத்தான். டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் இறங்கும். சிலருக்கு அந்த வேளையிலேயே குருதியின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசியத் தொடங்குவதால், அடுத்த 24 தொடக்கம் 48 மணித்தியாலங்களே மிகவும் ஆபத்தானவை. இதில் நீங்கள் இம்மியளவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆனால் "படிக்காதவர்" என்ற சொல் மாமாவைத்தான் சுட்டது; அவர் சொன்ன பிழை அப்படியே கிடக்கிறது. 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். அந்த அச்சத்தைக் கண்ட மூத்தவர் ஒருவர், கைக்கெட்டிய மருந்தை அக்கறையோடுதான் பகிர்ந்திருப்பார். உறவினர்கள் அவர் பக்கம் நிற்பதும், அவமதிக்கப்பட்ட பெரியவர் மீதுள்ள பரிவினால் இருக்கலாம்.

ஆகவே வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள்: "மாமா, நான் பேசின விதம் பிழை, மன்னிச்சிருங்க. ஆனா காய்ச்சல் விட்ட பிறகுதான் பிள்ளையைக் கூடக் கவனிக்கணும். கடும் வயித்துவலி, ஓயாத சத்தி, முரசில ரத்தம், கைகால் குளிர்றது, மூத்திரம் குறையிறது, இதில ஒண்டைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும் எண்டு நீங்க சொன்னா எல்லாரும் கேட்பாங்க." பழைய பதிவைக் கேட்ட அத்தனை பேரும் திருத்தத்தையும் கேட்க வேண்டும், அது மாமாவின் குரலிலேயே வருவது மிக நல்லது. அவர் தயங்கினால், அவர் பெயரைத் தொடாமல் அன்றே நீங்கள் எழுதுங்கள். அஸ்பிரினும் இபுபுரூஃபனும் கொடுக்கக் கூடாது, பரசிட்டமோலை உரிய அளவில் மட்டும் கொடுக்கலாம் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

மாரி மழை தொடங்கி வளவுகளில் நீர் தேங்கும் காலத்தில், உறவினர் வீட்டில் ஒரு பிள்ளை நாலாம் நாள் காய்ச்சல் விட்டுச் சோர்ந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டால், மாமாவின் மனம் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். மாமாவிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.