மருத்துவர் பதில்: உச்சந்தலையில் எரியும் அந்த இடம்

கேள்வி: எனக்கு வயது 26. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. தினமும் ஹெல்மெட் அணிந்து பைக்கில் போய்வருகிறேன். மூன்று ஆண்டுகளாக முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. தை மாதம் திருமணம். சென்னையில் உள்ள ஒரு மையம் வாட்ஸ்அப்பில் என் படங்களைப் பார்த்துவிட்டு, ஒரே நாளில் 4,000 கிராஃப்ட் (பின்தலையிலிருந்து வேரோடு எடுக்கும் முடிக்கற்றை) நட்டுவிடலாம் என்று சொல்லி முன்பணம் வாங்கியிருக்கிறது. வேலூரில் இன்னொரு மையம் பாதி விலை சொல்கிறது. யாரிடம் செய்துகொள்வது? உப்புத் தண்ணீரும் ஹெல்மெட்டும்தான் காரணமா? மூளை நரம்பு பாதிக்கும், புற்றுநோய் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்; சென்னையில் ஒரு மாணவர் இறந்துபோனதையும் சொல்கிறார்கள். ஆறு மாதமாக உச்சந்தலையில் ஓர் இடத்தில் எரிச்சலும் அரிப்பும் உள்ளன. அங்கே தோல் பளபளப்பாக இருக்கிறது. மெடிக்கலில் கொடுத்த ஆயின்மென்ட் போட்டு வருகிறேன்.
– வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டு மையங்களில் எது என்பதற்குப் பிறகு வருகிறேன். கடிதத்தின் கடைசியில், சொல்லாமல் விட்டாலும் குற்றமில்லை என்பதுபோல் நீங்கள் எழுதியிருக்கும் அந்த உச்சந்தலை எரிச்சல்தான் இந்த வாரமே ஒரு தோல் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டிய விஷயம்.

ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கை பொதுவாக எரிவதில்லை, வலிப்பதுமில்லை. பொடுகு அரிக்கும், ஆனால் ஒரே இடத்தில் தோலை வழவழப்பாக்கிவிட்டுப் போகாது. புழுவெட்டு வட்டமாக முடியைக் கொட்டச் செய்யும் என்றாலும், அதில் மயிர்க்கால்கள் உயிரோடுதான் இருக்கும். தோலில் துளைகள் தெரியும். பெரும்பாலானோருக்கு முடி திரும்ப முளைத்துவிடும். எரிச்சல், அரிப்பு, பளபளப்பு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து வரும்போது, மயிர்க்காலைச் சுற்றி அழற்சி உண்டாகி, அந்த மயிர்க்கால் அழிந்து, அதன் இடத்தில் தழும்பு விழுகிற நோய்களை நாங்கள் முதலில் சந்தேகிப்போம். லைக்கன் பிளானோபைலாரிஸ், டிஸ்காய்டு லூபஸ் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. தழும்பாகிவிட்ட இடத்தில் முடி மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் நோய் பரவிக்கொண்டிருக்கும் ஓரங்களை மருந்தால் காப்பாற்ற முடியும். அதற்கு எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு முடி மிஞ்சும்.

உங்கள் கேள்விக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இந்த வகை நோய் அடங்காமல் இருக்கும் தலையில் முடி நட்டால், நட்ட முடியையும் அதே அழற்சி தின்றுவிடும். சில வேளைகளில் ஊசியும் கத்தியும் பட்டதாலேயே அடங்கியிருந்த நோய் கிளம்பிவிடும். நோய் முழுமையாக அடங்கி ஓரிரண்டு ஆண்டுகளாவது அப்படியே இருந்த பிறகுதான் நடுவதைப் பற்றி யோசிக்கலாம், அப்போதும் பலன் உறுதியில்லை என்பதே இத்துறையில் இருப்பவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் எச்சரிக்கை.

அந்த ஆயின்மென்டை இன்றோடு நிறுத்துங்கள். மெடிக்கலில் சீட்டில்லாமல் கொடுக்கப்படும் இத்தகைய களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். அது எரிச்சலைக் குறைத்துக்காட்டும். மாதக்கணக்கில் தடவினால் தோலை மெலியவைத்து, அதுவே ஒரு பளபளப்பைக் கொண்டுவரும். இப்போது உங்கள் தலையில் தெரிவது நோயின் பளபளப்பா, களிம்பின் பளபளப்பா என்று பிரித்தறிவதைக்கூட நீங்கள் கடினமாக்கிவைத்திருக்கிறீர்கள். ஆறு மாதம் ஓர் இடம் எரிந்துகொண்டிருக்கும்போது கடைக்காரரின் யோசனையைக் கேட்டவர், வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கோ ஒரு முறை வந்திருக்கலாம். இரண்டும் உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. அங்கே டெர்மாஸ்கோப் என்னும் உருப்பெருக்கியால் பார்ப்பார்கள்; சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் அளவில் தோல் துணுக்கு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். அதற்கு அஞ்ச வேண்டாம். ஓரிரு தையலோடு முடிந்துவிடும்.

இப்போது யாரிடம் செய்துகொள்வது என்ற கேள்விக்கு வருவோம். உங்கள் தலையைத் தொட்டுப் பார்க்காமல், அந்த இடம் எரிகிறதா என்று கேட்காமல், நான்கு படங்களை வைத்துக்கொண்டு 4,000 என்று கணக்குச் சொல்லி முன்பணம் வாங்கியவரை மருத்துவராகக் கருத எனக்கு மனம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் பேசியவர் பெரும்பாலும் விற்பனை ஊழியராகத்தான் இருப்பார். நல்ல அறுவை மருத்துவருக்கு முதல் அடையாளம், சிலரிடம் 'உங்களுக்கு இது வேண்டாம்' என்றோ 'இப்போது வேண்டாம்' என்றோ சொல்லத் தெரிந்திருப்பதுதான். வேலூர் மையம் பாதி விலைக்கு வருகிறது என்பதும் ஒரு தகுதி ஆகாது. அங்கேயும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் இது குறித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான அறுவைப் பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவர்களே முடி நடும் சிகிச்சையைச் செய்ய வேண்டும் என்றும், பயிலரங்குகளுக்குப் போனதோ யூடியூபைப் பார்த்ததோ அதற்குப் போதிய பயிற்சி ஆகாது என்றும் அது சொல்கிறது. நடைமுறையில், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. முடித்தவரையோ, தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. முடித்து இந்த அறுவையில் பயிற்சி பெற்றவரையோதான் நீங்கள் தேட வேண்டும். 'ட்ரைக்காலஜிஸ்ட்', 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று பலகையில் எழுதியிருப்பது மருத்துவப் பட்டம் ஆகாது. மருத்துவரின் பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்டு, மாநில மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டம் பெற்றவர் பெயர் பலகையில் இருக்க, பின்தலையிலிருந்து முடியை எடுப்பதும் முன்னால் துளையிடுவதும் வேறொருவராக இருப்பது சர்வ சாதாரணமாக நடக்கிறது. ஆகவே, 'அன்றைக்கு என் தலையில் ஊசி போடுவது யார், துளையிடுவது யார், கடைசிவரை அறையில் இருக்கப்போகும் மருத்துவர் யார்' என்று பெயரோடு பதில் வாங்குங்கள். கிராஃப்டுகளை எண்ணுவதிலும் பிரிப்பதிலும் உதவியாளர்கள் இருப்பது இயல்பு. மருத்துவரே இல்லாத அறையில் அவர்கள் இருப்பதுதான் ஆபத்து.

உங்கள் வீட்டார் சொல்லும் மரணம் கட்டுக்கதை அல்ல. 2016-இல் சென்னையில், மருத்துவமனைக்குரிய பதிவில்லாமல் முடிதிருத்தகத்துக்கான உரிமத்தோடு இயங்கிய ஓரிடத்தில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவருக்கே அந்த இடத்தின் தகுதி கண்ணில் படவில்லை என்றால், மற்றவர்கள் ஏமாறுவதில் வியப்பில்லை. தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்களை முறைப்படுத்தும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பெற்ற பதிவுச் சான்றிதழ் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான் அவசியம்.

இந்தச் சிகிச்சையில் உயிருக்கு ஆபத்து நேர்வது அரிது; நேர்ந்தால், மரத்துப்போகும் மருந்தின் அளவு மீறியோ, ஒவ்வாமையாலோ, கிருமித்தொற்றாலோதான் பெரும்பாலும் நேரும். முதலாவதை ஒரு கணக்கோடு சொல்கிறேன். மரத்துப்போகப் போடும், அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை கொடுக்கலாம் என்பது வழக்கமான உச்ச அளவு. நீங்கள் 60 கிலோ இருந்தால் அது 420 மில்லிகிராம். 2 சதவீத மருந்துள்ள 30 மில்லி குப்பி ஒன்றில் 600 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு குப்பியை முழுமையாகப் போட்டாலே எல்லை தாண்டிவிடும் என்றால், எட்டு மணி நேரம் நீளும் சிகிச்சையில் வலிக்கிறது என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் ஊசி போடுகிறவர், போட்ட அளவைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும் அல்லவா? வாயைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல், தலைசுற்றல் என்று தொடங்கி வலிப்புவரை போகக்கூடிய நிலை அது. உங்கள் எடையைப் பார்க்காமல், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல், இரத்தப் பரிசோதனை இல்லாமல், ஆக்சிஜனும் அவசர மருந்துகளும் வைத்திராத இடத்தில் படுக்காதீர்கள்.

பின்தலையில் இருக்கும் முடி வற்றாத ஏரி அல்ல. வாழ்நாள் முழுவதற்கும் அங்கிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பலருக்குச் சில ஆயிரம் கிராஃப்டுகள்தான். 26 வயதில் உங்கள் வழுக்கை இன்னும் நிலைகொள்ளவில்லை. இப்போதே 4,000 எடுத்து நெற்றியைப் பதினெட்டு வயதுக்காரனைப்போல் கீழே இறக்கிவிட்டால், நாற்பது வயதில் அதற்குப் பின்னால் உள்ள முடி போய், முன்னால் மட்டும் ஒரு வரப்புபோல் முடி நிற்கும்; நிரப்பப் பின்தலையில் இருப்பு இருக்காது. உச்சந்தலையில் இருப்பது தழும்பு விழுகிற நோய் இல்லை என்று உறுதியானால், மினாக்சிடில், பினாஸ்டரைடு போன்ற மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் ஓராண்டாவது எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட் வழுக்கையை உண்டாக்காது. அதைக் கழற்றிவிட்டு நெடுஞ்சாலையில் போகாதீர்கள். போர் தண்ணீரின் உப்பு முடியைச் சொரசொரப்பாக்கும், வேரைத் தொடாது. மயிர்க்கால் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது; மூளை மண்டையோட்டுக்கு உள்ளே இருக்கிறது; ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை. முடி நடுவதால் புற்றுநோய் வருவதில்லை.

தை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்துக்கும் பொருளில்லை. நட்ட முடி முதல் சில வாரங்களில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மூன்று நான்கு மாதங்களில்தான் புது முடி எட்டிப்பார்க்கும். முழுப் பலன் தெரிய ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகும். மணமேடையில் நிற்கும்போது இப்போது இருப்பதைவிடக் குறைவான முடியோடுகூட உங்கள் தலை தெரியலாம். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வழி இருக்கிறது. தோல் மருத்துவரிடம் போகும் அன்று தலையில் எண்ணெய் வைக்காமல், அந்த ஆயின்மென்ட் டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.