தூசி அலர்ஜிக்கு ஊசி போட்டால் இறாலை விட வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வீட்டில் இருக்கிறோம். 15 வயது மகளுக்குக் காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், சில இரவுகளில் மூச்சு இழுப்பு. தூசி உண்ணி (வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி) அலர்ஜி, ஊசி போடலாம் என்கிறார் ஈப்போவில் பார்த்த நிபுணர். ரத்தப் பரிசோதனையில் இறாலுக்கும் லேசாகக் காட்டுகிறது. ஆனால் இறால் சம்பல் என்றால் அவளுக்கு உயிர். இதுவரை ஒன்றும் செய்ததில்லை. ஊசி போட்டால் இறால் ஒத்துக்கொள்ளாமல் போய்விடும் என்று நாத்தனார் சொல்கிறார். உண்மையா?

பதில்: உங்கள் நாத்தனார் சொன்னது வெறும் கட்டுக்கதை இல்லை, அம்மா. ஆனாலும் அந்தப் பயத்துக்காக ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

தூசி உண்ணி, கரப்பான், இறால், நண்டு எல்லாம் தூரத்து உறவுக்காரர்கள். இவற்றின் தசையில் ட்ரோபோமயோசின் என்ற புரதம் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கிறது. உண்ணியை எதிர்க்கப் பழகிய உடம்பு, சில பேரிடம் இறாலையும் அதே எதிரியாக நினைத்துவிடுகிறது. சமைத்தாலும் இந்தப் புரதம் அழியாது. உடம்பை உண்ணிக்குப் பழக்குவதற்காகப் போடும் இந்த ஊசி மருந்து உண்ணியிலிருந்தே எடுக்கப்படுவதால்தான் இந்தச் சந்தேகமே வந்தது. 1996இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு நத்தை, இறால் போன்றவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி (உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) கூடியிருந்தது. பிற்பாடு இத்தாலியில் பார்த்தபோது அப்படிப் புதிதாக உருவாகவில்லை. ஆக, ஆபத்து இருந்தாலும் அது அரிது.

ரத்தத்தில் லேசாகக் காட்டுவது வேறு, அலர்ஜி வேறு. சாப்பிட்டு ஒத்துப்போகிற பிள்ளைக்கு இறாலையும் பெலாச்சானையும் (இறால் விழுது) காரணமில்லாமல் நிறுத்துவது நல்லதல்ல. எப்போதும்போலச் சாப்பிடட்டும். ஆனால் சாப்பிட்டதும் வாய் அரிப்பு, உதடு வீக்கம், உடம்பில் தடிப்பு, வாந்தி என்று எது வந்தாலும் இறாலை நிறுத்திவிட்டு, அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் 999.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது இறால் இல்லை, அந்த இழுப்புதான். ஆஸ்துமா கட்டுப்படாமல் இருக்கும்போது இந்த ஊசியைப் போடவே கூடாது. ஊசியால் வரும் கடுமையான பாதிப்புகள் அப்படிப்பட்டவர்களிடம்தான் அதிகம். முதலில் இன்ஹேலரை ஒழுங்காக எடுத்து இழுப்பு அடங்கட்டும். அப்புறம் ஊசி. ஒவ்வொரு முறையும் போட்ட பிறகு 30 நிமிடம் கிளினிக்கிலேயே உட்கார வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிடாதீர்கள். தொடக்கத்தில் வாராவாரம், பிறகு மாதம் ஒன்று என 3 முதல் 5 வருடம் போகும். ஈப்போவுக்கு அத்தனை முறை போய்வருவது சிரமம் என்றால், ஊசிக்குப் பதிலாக நாக்கின் அடியில் வைக்கும் உண்ணி மாத்திரை அவளுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். முதல் மாத்திரையை மட்டும் டாக்டர் முன்னால் போட்டுக்கொண்டு, மற்றதை வீட்டிலேயே தினமும் எடுக்கலாம்.

பழைய பஞ்சு மெத்தையில் படுக்கிறாளா? நம் ஊர் ஈரக்காற்றில் உண்ணிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. மெத்தைக்கும் தலையணைக்கும் உண்ணி புகாத உறை போடுங்கள். விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். அடுத்த முறை ஈப்போ போகும்போது பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் இறால் சாப்பிடுவதை நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.