ரைஸ் மில்லில் மெஷின் அதிர்வைக் கட்டுப்படுத்த, கான்கிரீட்டைக் கனமாகப் போட்டால் போதுமா?

மன்னார்குடி பக்கம் புதிதாக மில் கட்டப்போவதாகச் சொல்லி இதைக் கேட்டிருக்கிறீர்கள். தரையில் உட்காரும் மெஷினுக்குக் கனம் நல்லதுதான். மேல்தளத்தில் ஓடும் மெஷினுக்கு அதுவே வினையாகிவிடலாம்.

நீடாமங்கலம் அருகே ஒரு மில்லில் இதை நேரில் பார்த்தேன். இரும்புத் தூண்களின் மேல் பிளாட்பாரம், அதில் நெல் சலிக்கும் சல்லடை. ஓட ஆரம்பித்தால், கைப்பிடிக் கம்பியில் மாட்டியிருந்த தூக்குவாளி டக்டக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும். பாரம் ஏற்றினால் அடங்கிவிடும் என்று தளத்தின் மேல் 4 அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். இறுகிய பிறகு ஓட்டினால் முன்பைவிட மோசமாக ஆடியது.

சல்லடை நிமிடத்துக்கு 300 முறை, அதாவது நொடிக்கு 5 முறை ஆடும். பிளாட்பாரத்துக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. தூண்களின் விறைப்பு அப்படியே இருக்க எடை மட்டும் கூடினால் அந்த வேகம் குறையும். 5-க்குச் சற்று மேலே இருந்தது, கான்கிரீட் போட்டதும் சரியாக 5-க்கு இறங்கிவிட்டது. இரண்டு வேகமும் ஒன்றானால் ஆட்டம் பெருகும், ஒத்ததிர்வு என்பது இதுதான். அப்புறம் தூண்களுக்கு இடையே, இரண்டு திசையிலும், ஆங்கிளைக் குறுக்காக வைத்து வெல்டு செய்தோம். சல்லடையை நிறுத்தி, தளத்தைத் தள்ளிவிட்டு, செல்போன் செயலியில் அளந்தால் தளத்தின் ஆட்டம் நொடிக்கு 8-க்கு மேல் காட்டியது. தூக்குவாளிச் சத்தம் நின்றுவிட்டது.

அதனால் வரைபடம் போடும் முன்பே ஒவ்வொரு மெஷினின் வேகம், அது உதைக்கும் விசை, உதைக்கும் திசை மூன்றையும் விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். மெஷினின் வேகமும் அதைத் தாங்கும் தளத்தின் ஆட்ட வேகமும் குறைந்தது 20 சதவீதமாவது விலகியிருக்க வேண்டும். நான் 30 பார்ப்பேன்.

தரை மெஷின்களின் அஸ்திவாரத்துக்கு ஐஎஸ் 2974 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. சுழலும் மெஷினுக்கு அதன் எடையைப்போல 3 மடங்கு, முன்னும் பின்னும் ஓடுவதற்கு 5 மடங்கு கான்கிரீட் என்பது களத்துக் கணக்கு. அந்தக் கான்கிரீட் கட்டையைக் கட்டடத்தின் அஸ்திவாரத்தோடு சேர்க்காமல் இடைவெளி விடுங்கள். நம் பக்கத்துக் களிமண் கோடையில் வெடித்துக் கிடக்கும், ஐப்பசி மழையில் குழைந்துவிடும். மண்ணின் விறைப்பு மாறினால் மெஷினின் ஆட்டமும் மாறும். மண் பரிசோதனையில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள்.

கடைசியாக, பாய்லர் விசிறி. நிமிடத்துக்கு 1440 முறை சுற்றும் விசிறியில், மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி 100 கிராம் உமிச்சாம்பல் ஒட்டினாலே, சுமார் 70 கிலோ எடைக்குச் சமமான விசை நொடிக்கு 24 முறை சுற்றிச் சுற்றி இழுக்கும். இறக்கையைச் சுரண்ட ஒரு கதவும், ஆள் நிற்க இடமும் இப்போதே வரைபடத்தில் விட்டுவிடுங்கள்.