பாரிஸ்–ரூபே பந்தயம்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

வருடத்தில் எத்தனையோ சைக்கிள் பந்தயங்கள் நடந்தாலும் ஏப்ரல் மாதத்து இந்த ஒரு ஞாயிறுக்காகத்தான் நான் காத்திருப்பேன். கேட்டவர்களுக்கெல்லாம் தெரிந்தவரை சொல்கிறேன்.

பேர்ல பாரிஸ் இருக்கு, ஆனா பாரிஸ்ல தொடங்கறதில்லையாமே அண்ணா?

உண்மைதான் தம்பி. வடக்கு பிரான்ஸில் உள்ள ரூபே ஊரில் நெசவாலை நடத்திய தியோடர் வியன், மோரிஸ் பெரெஸ் என்ற இருவர் அங்கே ஒரு சைக்கிள் அரங்கம் கட்டினார்கள். அதற்குக் கூட்டம் சேர்க்க 1896-இல் பாரிஸிலிருந்து ஒரு பந்தயம் விட்டார்கள். 1977 முதல் பாரிஸுக்கு வடகிழக்கே சுமார் 80 கி.மீ. தள்ளியுள்ள கோம்பியேனில் தொடங்குகிறது. பெயரை மட்டும் மாற்றவில்லை. முடிவது இன்றும் ரூபேயில் ஒரு சைக்கிள் அரங்கத்தில்தான்.

இந்தப் பந்தயத்தை 'வடக்கின் நரகம்'னு சொல்றது வழியில வர்ற கல்பாதைக்காகத்தானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முதல் உலகப்போர் முடிந்து, 1919 பந்தயத்துக்கு முன் பாதை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனவர்கள் கண்டது குண்டு விழுந்த குழிகளும், கருகிய மரங்களும், சேறும். அதைப் பார்த்து எழுதிய வார்த்தை அது. கல்லுக்கு அது பின்னால்தான் ஒட்டிக்கொண்டது.

மலையே இல்லாத ரூட்டு. அப்புறம் என்ன சார் அவ்வளவு கஷ்டம்?

மொத்தம் சுமார் 260 கி.மீ., அதில் 55 கி.மீ. போல கல்பாதை. முப்பது துண்டுகளாகப் பிரிந்து வரும். நகரத்து நடைபாதைக் கல்லை மனதில் வைக்காதீர்கள். இவை வயலுக்குப் போகும் பழைய வண்டிப்பாதைகள். இன்றும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு டிராக்டர் ஓடுகிறது. ஒரு கல் தூக்கி நிற்கும், அடுத்தது அமிழ்ந்திருக்கும், நடுவில் விரல் நுழையும் சந்து.

இதில் மெதுவாகப் போனால்தான் ஆபத்து. வேகம் இருந்தால் சக்கரம் கல்லின் தலையைத் தொட்டுத் தொட்டுப் போகும். வேகம் குறைந்தால் ஒவ்வொரு சந்திலும் இறங்கி ஏறும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கை கொப்பளித்துவிடும், தளர்த்தித்தான் பிடிக்க வேண்டும். முன்னால் ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவருக்கு ஒதுங்க இடமில்லை. அதனால் ஒவ்வொரு கல்பாதைக்கு முன்னும் முதல் இருபதுக்குள் நுழைய ஒரு தனிப் பந்தயமே நடக்கும். 'அவருக்கு அதிர்ஷ்டம், விழவில்லை' என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாதி அதிர்ஷ்டம் எந்த இடத்தில் நுழைகிறோம் என்பதில் இருக்கிறது.

இதற்கெல்லாம் சிகரம் ஆரன்பெர்க் காடு. மரங்களுக்கு நடுவே நேர்க்கோடாக 2.3 கி.மீ. அந்த மண்ணுக்கடியில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, பிறகு சைக்கிள் வீரரான ஜான் ஸ்டாப்லின்ஸ்கி காட்டிக்கொடுத்த பாதை அது; 1968-இல் சேர்த்தார்கள். 1998-இல் பெல்ஜிய வீரர் யோஹான் முசேவ் அங்கே விழுந்து முழங்கால் சிதறியது. புண்ணில் அழுகல் வைத்து, காலையே எடுக்க வேண்டிவருமோ என்ற நிலை. 2000-இல் அவர் ரூபேயில் ஜெயித்தார். கோட்டைத் தாண்டும்போது அந்தக் காலைத் தூக்கிக் காட்டினார். அதைப் பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சைக்கிள் வேற மாதிரியா?

இப்போது பெரிய வித்தியாசம் இல்லை. டயர் அகலம்: 30, 32 மி.மீ., ட்யூப் இல்லாதது, காற்று குறைவாக. 90-களில் மலைச் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் ஃபோர்க்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஜில்பர் டுக்லோ-லசால் 1992, 1993 இரண்டிலும் அதை வைத்தே ஜெயித்தார்.

புதுசா பார்க்கறவங்க எந்த வருஷத்துப் பந்தயத்துல ஆரம்பிக்கலாம்?

தயங்காமல் சொல்வேன், 2016. ஆஸ்திரேலியாவின் மேத்யூ ஹேமன், வயது 37, பதினைந்தாவது முறையாக வந்திருந்தார். ஆறு வாரம் முன்புதான் கை எலும்பு முறிந்து, வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் மிதித்துப் பயிற்சி எடுத்தவர். எதிரில் டாம் போனன்; ஏற்கெனவே நான்கு முறை வென்றவர், ஐந்தாவது கிடைத்தால் தனிச் சாதனை. அரங்கத்துக்குள் ஐந்து பேர் கடைசிச் சுற்று மிதித்தார்கள். ஹேமன் முந்தினார். முகத்தில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

பெண்களுக்கு உண்டா?

125 வருடம் காக்க வைத்தார்கள். அது எனக்கு இன்றும் கோபம்தான். 2021 அக்டோபரில் முதல் பந்தயம். பிரிட்டனின் லிஸ்ஸி டெய்க்னன் 80 கி.மீ.க்கு மேல் தனியாக ஓட்டி வென்றார். கையுறை போடவில்லை, ஹேண்டில்பார் முழுக்க ரத்தம்.

இந்தக் காலத்துல அந்த ரோட்டுக்கு ஏன் தார் போடாம விட்டிருக்காங்க?

ஒருகாலத்தில் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். டிவியில் தங்கள் ஊர்க் கல்சாலை தெரிவது அவமானம் என்று நினைத்த மேயர்கள் இருந்தார்கள். இப்போது தலைகீழ். இந்தக் கற்களைக் காப்பதற்கென்றே 'பாரிஸ்–ரூபே நண்பர்கள்' என்ற சங்கம் இருக்கிறது. பெயர்ந்த கற்களைத் தோண்டி, மணல் நிரப்பி, கையாலேயே திரும்பப் பதிக்கிறார்கள். தோட்டக்கலைப் பள்ளி மாணவர்களும் வந்து உதவுகிறார்கள். ஆரன்பெர்க்கில் சந்துகளில் வளரும் புல்லை மேய ஆடுகளை விட்டிருக்கிறார்கள்.

வென்றவருக்குக் கொடுக்கும் பரிசும் அந்தப் பாதையிலிருந்து எடுத்த ஒரு கல்தான்.